பேர் வைத்தது நாங்கள், தீர்ப்புச் சொல்ல நீங்கள் யார்?

பத்து மாதம் சுமந்தது நான். பிரசவ வார்டில் கத்தியது நான். ராத்திரி இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் எழுந்து பால் கொடுப்பதும் நான்தான். அதிலெல்லாம் பங்கு கேட்டு ஒரு ஈ காக்கை வரவில்லை. பேர் என்று வந்ததும் மட்டும் பட்டர்வொர்த்திலிருந்து சுங்கைப் பட்டாணி வரைக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டு!

மகளுக்கு வெண்ணி என்று பேர் வைத்தோம். மூன்றே எழுத்து. ஷ கிடையாது, ஜ கிடையாது, பின்னால் ஸ்ரீ கிடையாது. தமிழ் பேசும் எந்த நாக்கும் தடுக்காமல் சொல்லலாம். இதைச் சொல்லத்தான் என் புகுந்த வீட்டுச் சொந்தத்துக்கு இன்னும் வாய் வரவில்லை.

ஏன் இந்தப் பேர் என்று கேட்டால் சந்தோஷமாகச் சொல்வேன். கேட்டால்தானே! வெண்ணிப் போரில் கரிகாலன் ஜெயிக்கிறான். அந்த ஊர்க் குயவர் வீட்டுப் பெண் ஒருத்தி அவனைப் பாடுகிறாள். ஜெயித்தது நீதான், சரி, ஆனால் உன்னிடம் தோற்று, முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி, வடக்குப் பார்த்து உட்கார்ந்து பட்டினி கிடந்து உயிரை விட்டானே ஒருவன், அவன் உன்னைவிட நல்லவன் இல்லையா என்று அந்த ராஜாவிடமே கேட்கிறாள். புறநானூற்றில் 66ஆவது பாட்டு. அவளுடைய சொந்தப் பேர்கூட நம் கைக்கு வரவில்லை. வெண்ணிக் குயத்தியார் என்று ஊரையும் தொழிலையும் சேர்த்துத்தான் ஏட்டில் இருக்கிறாள். ஜெயித்தவன் முன்னால் நின்று இப்படிப் பேசின வாய் என் மகளுக்கும் வாய்க்கட்டும் என்று ஆசைப்பட்டேன். இதில் என்ன கொலைக்குற்றம்?

முதலில் நம் மலேசியப் பதிவிலாகாவைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை பிறந்து 60 நாளுக்குள் பதிய வேண்டும் இல்லையா, வீட்டுக்காரர் போனார். முகப்பில் இருந்த மலாய்க்கார அம்மா பாரத்தைப் பார்த்தார். "எஜா மாச்சாம் மானா?" என்று எழுத்துக்கூட்டுக் கேட்டார். வி, ஈ, என், என், ஐ. தட்டினார், திரையைத் திருப்பிக் காட்டிச் சரிபார்க்கச் சொன்னார், "செடாப் நாமா", நல்ல பேர் என்றார். பிறப்புப் பத்திரமான சூராட் பெரானாக்கும் பிள்ளைகளுக்கான ரோஸ் கலர் மைகிட் அடையாள அட்டையும் கைக்கு வந்துவிட்டன. முடிந்தது வேலை. கரிகாலனையும் தெரியாது, காவிரியையும் தெரியாது அந்த அம்மாவுக்கு. தெரியாத பேரை எப்படி எழுதுவது என்று கேட்டார், எழுதினார், அவ்வளவுதான். கிளினிக்கில் மிஸ்ஸி, அதாவது நர்ஸ், "வெனி" என்பார். எங்கள் மாடி வீட்டுச் சீன ஆன்ட்டிக்கு அவள் "வின்னி". வாய்க்கு வந்த அளவு அவர்கள் சொல்கிறார்கள். அதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை.

தமிழ் தெரிந்தவர்களிடம்தான் நான் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன்.

பேரைக் கேட்டதும் முதலில் "வேணியா?" என்பார்கள். இல்லை, வெண்ணி. "கிருஷ்ணவேணியைச் சுருக்கிட்டீங்களா?" இல்லைங்க, வெண்ணி. "ஓ, வெண்ணிலா! லாவை விட்டுட்டீங்களே." நம் நாட்டில் எதைப் பேசினாலும் கடைசியில் ஒரு லா போட்டுத்தான் முடிக்கிறோம், அதனால் அந்த ஏக்கம் எனக்குப் புரிகிறது. அப்புறம் இருக்கிறாரே பெரிய மாமா, என் மாமனாருடைய அண்ணன். வீட்டுக்குள் கால் வைக்கும்போதே "என்னம்மா, வெந்நி போட்டாச்சா?" என்பார். சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார். முதல் தடவை நானும் மரியாதைக்குச் சிரித்து வைத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வரவுக்கும் அதே வெந்நிதான். "ஸ்கூல்ல பிள்ளைங்க கேலி பண்ணுவாங்கம்மா, யோசிக்க வேணாமா?" என்று அடுத்த மூச்சில் அக்கறையும் காட்டுவார். இதுவரைக்கும் என் மகளைக் கேலி செய்த ஒரே ஆள் எழுபது வயதைத் தாண்டியவர். பிள்ளைகளில் ஒருவர்கூடக் கேலி செய்யவில்லை.

அவரே இன்னொரு நாள் கொஞ்சம் படித்துவிட்டு வந்தார். "நான் விசாரிச்சேன்மா. அது ஊர்ப் பேரு. நீடாமங்கலம் பக்கத்துல இப்பவும் கோயில்வெண்ணின்னு இருக்கு. ஊர்ப் பேரையெல்லாமா பிள்ளைக்கு வைப்பாங்க?" இதைச் சொன்ன பெரியவருடைய பேர் சிதம்பரம். பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிய அவருடைய மச்சான் பேர் பழனி. மருமகள் என்கிற இடத்தில் நின்றுகொண்டு நான் எதைச் சொல்ல? உள்ளே போய்க் கோப்பி கலக்கினேன். சீனியை மட்டும் போடவில்லை.

நட்சத்திரத்துக்கு வருவோம். மகள் ஆயில்யம். அதைக் கேட்டவுடனேயே மாமியார் பக்கத்தில் ஒரு பெருமூச்சு, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாதாம். தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்கு இருபத்தைந்து வருஷம் கழித்து வரப்போகிற, எங்கே இருக்கிறாள் என்றே தெரியாத ஒரு மாமியாருக்காக இப்போதே துக்கம் விசாரிக்கிறார்கள். சரி, பேரை நட்சத்திர எழுத்தில் வைத்தாலாவது தோஷம் குறையுமாம். ஆயில்யத்துக்கு என்ன எழுத்து? டி, டு, டே, டோ. தமிழில் ட சொல்லுக்கு முதலில் வரவே வராது என்று நாம் எல்லாரும் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு வந்தவர்கள்தானே? அதெல்லாம் இவர்களுக்குக் கவலை இல்லை. டிஷா, டிவினா, டிம்பிள், டோலி என்று குடும்ப வாட்சப் குழுவில் மழையாகக் கொட்டினார்கள். செந்தூலில் இருக்கும் சித்தப்பா ஒருவர் திவ்யாவை டிவ்யா என்று எழுதினால் தோஷமும் போகும் பேரும் அழகாக இருக்கும் என்று குரல் பதிவு அனுப்பினார். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் குழுவில் ஒருவருடைய பேர்கூட அவரவர் நட்சத்திர எழுத்தில் இல்லை. நான் உட்கார்ந்து பார்த்தேன்.

அது முடிந்து எண் கணிதம். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா பக்கம் ஒருவரிடம் நாத்தனார் எங்களைக் கேட்காமலே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வி-க்கு 6, ஈ-க்கு 5, என்-க்கு 5, இன்னொரு என்-க்கு 5, ஐ-க்கு 1. ஆக 22. இரண்டையும் கூட்டினால் 4, ராகு. பிள்ளை வாழ்க்கை முழுக்கப் போராட்டமாம். பரிகாரம் என்ன? கடைசியில் ஒரு ஒய் போட்டால் 23, அதாவது 5, புதன், ராஜயோகம். ஒரு ஒய்யில் ராகு இறங்கிப் புதன் ஏறிவிடுகிறார்! அடையாள அட்டையில் பேருக்குப் பின்னால் இன்னாருடைய மகள் என்பதற்கு ஏ/பி என்று போட்டு அப்பா பேரும் முழுசாக வருமே, அதையும் சேர்த்துக் கூட்ட வேண்டாமா என்று கேட்டேன். "அதெல்லாம் கணக்கில் வராது அண்ணி" என்றாள். எது கணக்கில் வரும், எது வராது என்பதை யார் முடிவு செய்தார்கள் என்று கேட்க வாயெடுத்தேன், வீட்டுக்காரர் கண்ணைக் காட்டினார். விட்டுவிட்டேன். அதற்குள் பதிந்தாயிற்று என்பது ஒரு நிம்மதி. அதற்காகத்தான் 60 நாள் வரைக்கும் இழுக்காமல் சீக்கிரமே அவரை அனுப்பினேன்.

பிள்ளை பிறந்த முப்பதாம் நாள் சடங்கு, முப்பது கும்பிட்ட அன்று நடந்ததைச் சொல்லாமல் விட்டால் எனக்கு ஆறாது. கேக் சொல்லியிருந்தோம். கடைக்காரப் பெண்ணுக்கு எழுத்துக்கூட்டை வாட்சப்பில் தெளிவாக அனுப்பியிருந்தேன். பெட்டியைத் திறந்தால் ரோஸ் கலர் கிரீமில், அழகாக, ஒரே ஒரு என் போட்டு வேணி. சரி, மனிதத் தவறு, நானே கத்தி முனையால் இன்னொரு என்னை இடுக்கில் சேர்க்கப் பார்த்தேன், கிரீம் இழுத்துக்கொண்டு இன்னும் கோரமானது. பின்னால் நின்ற பெரிய மாமா என்ன சொன்னார் தெரியுமா? "விடும்மா, கேக்குக்கே தெரிஞ்சிருக்கு." கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். என் அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

இந்தச் சிரிப்புக்காரர்களுக்கு ஒன்றை ஞாபகப்படுத்த வேண்டும். 2006இல் பதிவிலாகா விரும்பத்தகாத பேர்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருப்பதாகப் பத்திரிகைகளில் வந்ததே, மறந்துவிட்டதா? மிருகம், பூச்சி, பழம், காய்கறி, நிறம் இதையெல்லாம் பிள்ளைகளுக்குப் பேராக வைக்கக் கூடாது என்று. கருப்பசாமி என்ற பேரும் அதில் இருப்பதாகச் செய்தி. தோட்டத்து எல்லையில் நின்று தலைமுறை தலைமுறையாகக் காவல் காத்த சாமியின் பேர் அசிங்கமா என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அன்றைக்கு என்ன குதி குதித்தார்கள்! நம் பேரைப் பற்றிப் பேச இவன் யார் என்று பசியாறும் மேசையில் தட்டித் தட்டிப் பேசினார்கள். நியாயமான கோபம். அதே பெரியவர்கள்தான் இப்போது தங்கள் சட்டைப்பையில் ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு என் மகளை அதில் சேர்த்திருக்கிறார்கள்.

பழைய கதைக்கே போனால், நம் பாட்டிமார் பேரெல்லாம் யார் கையால் பதிவாயின? தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி காதில் விழுந்தபடி எழுதினார். எங்கள் குடும்பத்திலேயே லெட்சுமிகள் உண்டு. ஒருவருக்கு நடுவில் டி, சி, எச், இன்னொருவருக்கு கே, எஸ், எச். அண்ணனுக்கும் தம்பிக்கும் அப்பா பேர் இரண்டு விதம், பென்ஷன் பணம் எடுக்கப் போனால் சத்தியப் பிரமாணம் வேண்டும். யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா? கிராணி கோணலாக எழுதின பேரைக் கடைசி வரைக்கும் தலைமேல் வைத்துக்கொண்டார்கள். பெற்றவள் மாதக்கணக்கில் யோசித்து வைத்த பேருக்கு மட்டும் நூறு நொட்டை.

"அபூர்வமா வைக்கிறேன்னு போயி இப்படியா" என்பவர்கள் தங்கள் பேரப்பிள்ளைகளைக் கொஞ்சம் வரிசையில் நிறுத்திப் பார்க்கட்டும். ரித்விக், கிருத்விக், ஜைவிக். தன்விகா, ஜன்விகா, மன்விகா. எல்லாம் போனில் யாருக்கும் இல்லாத பேர் என்று தேடி எடுத்தவை. தாடிகா என்கிற பாலர் பள்ளி வாசலில் நின்று ஒரு "விக்" என்று கூப்பிட்டால் பாதி வகுப்பு திரும்பும். அந்தப் பேர்கள் மேல் எனக்கு வெறுப்பில்லை, பெற்றவர்கள் ஆசைப்பட்டு வைத்தார்கள், நானும் ஒழுங்காக உச்சரிக்கிறேன். ஜைவிக்கை ஒரு நாளாவது நான் ஜவ்வு என்று கூப்பிட்டிருப்பேனா? வாய்வரை வந்திருக்கிறது, கூப்பிட்டதில்லை.

கேலியைக்கூடத் தாங்கிவிடலாம். இப்போது நடப்பதைத்தான் தாங்க முடியவில்லை. மாமியார் வீட்டில் அவளை டிஷா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். என்னைக் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. "செல்லப் பேரும்மா, வீட்டோட இருக்கட்டும்" என்கிறார் மாமியார். செல்லப் பேர் என்றால் அம்மு, குட்டி, பாப்பா என்று எத்தனையோ இருக்கிறது. தோற்றுப்போன வேட்பாளரைக் கொல்லைப்புறமாகக் கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைப்பதற்குப் பேர் செல்லமா? போன ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தோம். நான் பக்கத்தில் உட்கார்ந்து "வெண்ணி" என்றேன், விரலைச் சப்பிக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தாள். அடுப்படியிலிருந்து நாத்தனார் "டிஷா!" என்றதும் டக்கென்று தலையைத் திருப்பினாளே பார்க்கலாம்! எனக்கு வயிறு எரிந்தது. காரில் ஏறின பிறகு வீட்டுக்காரரிடம் பாலம் முடியும் வரைக்கும் பேசவில்லை. "அம்மாகிட்ட நான் சொல்றேன்" என்றார். இன்னும் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்.

இந்தப் பதிவை எழுதிக்கொண்டிருக்கும்போதே நாத்தனாரிடமிருந்து ஒரு செய்தி. அவளுக்கு ஆறாம் மாதம். "அண்ணி, நீங்க நிறைய படிப்பீங்களே, நல்ல தமிழ்ப் பேரா ஒண்ணு சொல்லுங்க. யாருக்கும் இல்லாத பேரா இருக்கணும். அம்மாகிட்ட இப்போதைக்குச் சொல்ல வேணாம்."

படித்துவிட்டேன் என்று நீலக் குறி விழுந்துவிட்டது. பதில் போடவில்லை. முதலில் அவள் டிஷாவை நிறுத்தட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம்.