கருவிழி மங்கல் என்றால் புரை ஆபரேஷனே கிடையாதா?

"கருவிழி மங்கிட்டா புரை ஆபரேஷன் செய்யவே முடியாது, பாட்டியைக் கோத்தகிரியிலிருந்து கோவைக்கு அலைக்கழிக்காதீங்க" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். அது தவறு அண்ணா. கண்ணின் முன்னால் கண்ணாடிபோல் இருக்கும் கருவிழியில் (கார்னியா) மங்கல் லேசாகவோ ஓரமாகவோ இருந்தால் பல நேரம் செய்யலாம். டிரைபான் புளூ என்ற நீலச் சாயத்தால் கண்ணுக்குள்ளே புரை படிந்த லென்ஸின் மெல்லிய உறைக்கு நிறமேற்றுவார்கள்; மங்கலான கருவிழி வழியாகவும் அது ஓரளவு தெளிவாகத் தெரியும். வெளிச்சத்தைச் சாய்வாகப் பாய்ச்சுவதும் உண்டு. நடுவில் அடர்ந்த வெள்ளைத் தழும்பு இருந்தால் கருவிழி மாற்று தேவைப்படலாம். அப்போதும் புரையைச் சேர்த்தே எடுக்க வழி இருக்கிறது. ஆபத்து வேறிடத்தில். கருவிழியைத் தெளிவாக வைத்திருக்கும் அதன் உட்புறச் செல்கள் அழிந்தால் புதிதாக முளைக்காது, ஆபரேஷனில் இன்னும் கொஞ்சம் குறையும். பாட்டிக்கு அவை எந்த நிலையில் இருக்கின்றன என்று கருவிழி நிபுணரிடம் கட்டாயம் கேளுங்கள். தேயிலை பறித்த கண்கள், பார்க்காமலே கைவிடாதீர்கள்.