பலகையில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை

மும்பை செம்பூரில் எங்கள் வீட்டருகே இருக்கும் சாண்ட்விச் கடையின் விலைப்பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. ஊரெங்கும் கிளைகள் வைத்திருக்கும் பெரிய நிறுவனம் அது. அந்தப் பலகையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் விலைக்கு அங்கே யாரும் சாண்ட்விச் வாங்கி நான் பார்த்ததில்லை.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நிற்கும் பையன், ரொட்டியை நீளவாக்கில் பிளந்துகொண்டே, "சீஸ் போடட்டுமா? பனீர் கூடுதலாக வைக்கட்டுமா? ஆலிவ்? ஹாலப்பினோ?" என்று இந்தியில் மளமளவெனக் கேட்கிறான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அப்படிக் கேட்கத்தான் அவனைப் பழக்கியிருக்கிறார்கள். ஆனால் ஆலிவுக்குக் காசில்லை, சீஸுக்குத் தனிக் காசு என்பதை அவனும் சொல்வதில்லை, பலகையும் சொல்வதில்லை. ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார், பந்தியில் பரிமாறுகிறவர் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றட்டுமா என்று கேட்பதைப் போல எண்ணி, எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டார். பில்லைப் பார்த்ததும், "நான் எதுவும் கேட்கலையேம்மா, அவன்தானே கேட்டான்" என்று கூனிக்குறுகிப் போனார். வயதானவரைக் கூசவைத்துப் பிடுங்கும் அந்தக் காசு எந்த வியாபார தர்மத்தில் சேரும்?

சைவப் பட்டியலோ இன்னும் மோசம். பெயர்கள் விதவிதமாக இருக்கின்றன. கடித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் அதே உருளைக்கிழங்கு கட்லெட்தான். இதே மும்பையில் தெருமுனை சாண்ட்விச்காரர் வெண்ணெயும் பச்சைச் சட்னியும் தடவி, அவித்த உருளைக்கிழங்கு, பீட்ரூட், வெள்ளரி, தக்காளி, வெங்காயம் எல்லாம் அடுக்கி, மேலே மசாலா தூவிக் கொடுக்கிறார். சீஸ் வேண்டுமென்றால் எவ்வளவு கூடும் என்பதைக் கட்டியைத் துருவுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறார்.

பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருக்கும் உணவகங்கள் ஒவ்வொரு பண்டத்தின் கலோரி அளவையும் விலைப்பட்டியலிலேயே காட்ட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. இந்தக் கடையிலும் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கிறது. அதுவும் சாஸ், சீஸ் எதுவும் சேராத வெறும் சாண்ட்விச்சுக்குத்தான். ரொட்டியில் எவ்வளவு சர்க்கரை என்ற பேச்சே இல்லை. அதே 2020-இல் அயர்லாந்தின் உச்ச நீதிமன்றம், வரிவிலக்கு பெற மாவின் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது என்ற விதியைக் காட்டி, அந்நாட்டில் 'சப்வே' என்ற சாண்ட்விச் நிறுவனம் நடத்தும் கடைகளின் ரொட்டியில் அது 10 சதவீதம் இருப்பதால் சட்டப்படி அது ரொட்டிக் கணக்கிலேயே சேராது என்று தீர்ப்பளித்தது. அது வேறு நிறுவனம், வேறு நாடு. ஆனால் சர்க்கரை நோயுள்ள மாமியாரை அழைத்துச் செல்லும் எனக்கு, நான் காசு கொடுத்து வாங்கும் ரொட்டியைப் பற்றித் தெரிந்தாக வேண்டும்.

காசு வாங்கும் ஒவ்வொரு பொருளின் விலையையும் சாண்ட்விச் விலைக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் எழுதுங்கள். "சீஸ் போடட்டுமா?" என்று கேட்கும் வாயாலேயே அதன் விலையையும் சொல்லச் சொல்லுங்கள்.