மும்பை ஹை வற்றிவிட்டதா?
“மும்பை ஹை வற்றிவிட்டது, மூடப்போகிறார்கள்” என்று காரைக்குடிப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

மும்பைக்கு மேற்கே அரபிக்கடலில் இருக்கும் எண்ணெய் வயல்தான் மும்பை ஹை. 1976-ல் உற்பத்தி தொடங்கிய அந்தக் கடல் வயலின் உச்சகாலம் முடிந்தது உண்மைதான். ஆனால் குறைவது வேறு, வற்றுவது வேறு. நம்மூர் ஊரணித் தண்ணீர் போல அங்கே எண்ணெய் தேங்கிக் கிடக்கவில்லை. சுண்ணாம்புப் பாறையின் நுண்துளைகளில் ஊறியிருக்கிறது. செக்கில் ஆட்டி முடித்த கடலைப் புண்ணாக்கை நசுக்கிப் பாருங்கள், விரல் பிசுபிசுக்கும். பாறையிலும் அப்படித்தான், நிறையவே தங்கிவிடும். அதைத் தள்ளி வெளியே கொண்டுவரத்தான் கடல்நீரைச் சுத்திகரித்து உள்ளே செலுத்துகிறார்கள்; பழைய எண்ணெய்க் கிணற்றிலிருந்தே பக்கவாட்டில் புதிதாகத் துளைக்கிறார்கள். உற்பத்தியைக் கூட்ட 2025 ஜனவரியில் பிரிட்டன் எண்ணெய் நிறுவனமான பிபி-யைத் தொழில்நுட்பத் துணைக்கு, வயலை நடத்தும் அரசு நிறுவனமான ஓஎன்ஜிசி சேர்த்துக்கொண்டது.

அந்த வாட்ஸ்அப் செய்தியைப் பகிர்ந்த அண்ணன்மார் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். கடலில் எண்ணெய் எடுக்கும் அந்த மேடைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளின் வீட்டார் படித்துக் கலங்குகிறார்கள்.