சீ.ஆர். கொப்பியின் கடைசி நிரல்

என்னிடம் ஒரு சீ.ஆர். கொப்பி, அதாவது தடித்த அட்டை போட்ட பெரிய கொப்பி, இருக்கிறது. கட்டார் நாட்டு டோகாவில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்து, யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் வீட்டு முன்னறையில் மேசை போட்டு உட்கார்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு வாடிக்கையாளரையும் அதில் எழுதி வருகிறேன். பெயர், என்ன வேலை, எவ்வளவு, காசு எப்போது வந்தது. கடைசி நிரலில் 'யார் மூலம்'. ஏழு வருடம், 19 பெயர்கள். நேற்று இரவு அந்தக் கடைசி நிரலை மட்டும் எண்ணினேன். வேலைத் தொடர்புகளுக்கான வலைத்தளமான லிங்க்ட்இன் வழியாக நேரே வந்தவை மூன்று.

எண்ண வைத்தவன் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு தம்பி. என்னைப் போலவே கணிய அளவையியல், அதாவது கட்டடத்துக்கு என்ன பொருள் எவ்வளவு வேண்டும் என்று அளந்து கணக்கிடும் தொழில், படித்து முடித்துவிட்டுத் தனியாக வேலை எடுத்துச் செய்யப் புறப்பட்டிருக்கிறான். "அண்ணை, லிங்க்ட்இன்னில் பிரீமியம் என்ற கட்டணச் சேவைக்குக் காசு கட்டினால் வேலை வருமா?" என்று கேட்டான். கட்டாதே என்றேன். "அப்படியென்றால் பக்கத்தையே மூடிவிடட்டுமா?" என்றான். அதையும் செய்யாதே என்றேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனான். அந்தப் பார்வைக்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்தத் தளம் யாருக்காகக் கட்டப்பட்டது என்று பார்க்க வேண்டும். 2003இல் திறந்தார்கள். 2016இல் மைக்ரோசொஃப்ட் அதை 26.2 பில்லியன் டொலர் கொடுத்து வாங்கியது. அதன் வருமானத்தில் பெரும் பங்கு ஆள் தேடும் நிறுவனங்களிடமிருந்து வருகிறது. மாதச் சம்பளத்துக்கு ஆள் எடுப்பவரும் அந்த வேலைக்குப் போக நினைப்பவரும் சந்திக்கும் இடம் அது. நானோ ஒரு கட்டடத்தின் வரைபடத்தை வாங்கி, எத்தனை கன மீட்டர் கொங்கிறீற்று, எத்தனை சதுர மீட்டர் பூச்சு, எத்தனை கதவு என்று அளந்து பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டு ஒதுங்குபவன். அந்தப் பந்தியில் எனக்கு இலை போடவில்லை. ஓரத்தில் நின்று சாப்பிடலாம், அவ்வளவுதான்.

உதாரணத்துக்கு, வேலைக்குத் தயார் என்று படத்தைச் சுற்றி வரும் அந்தப் பச்சை வளையம். சம்பள வேலை தேடுபவருக்கு அது உதவக்கூடும். ஒப்பந்தத்துக்கு வேலை செய்பவன் அதைப் போட்டால், 'இவனிடம் இப்போது வேலை இல்லை' என்றுதான் எதிரில் இருப்பவர் வாசிப்பார். பிறகு விலை பேசும்போது அந்த வளையம் நம் கழுத்தில் இருக்கும். நான் ஒரு மாதம் போட்டு, பட்டுத்தான் கழற்றினேன்.

காலையில் எழுந்து தினமும் ஏதாவது எழுதினால் ஆட்கள் வருவார்கள் என்று சொன்னார்கள். மூன்று மாதம் எழுதினேன். விருப்பக் குறிகள் நிறைய விழுந்தன. யார் என்று பார்த்தால் எல்லாரும் என்னைப் போலவே வேலை தேடும் அளவையாளர்கள். திருநெல்வேலிச் சந்தையில் தேங்காய் வியாபாரிகள் மட்டும் கூடி, ஒருவருக்கொருவர் தேங்காயின் அருமையைச் சொல்லிக்கொண்டிருந்தது போல. வாங்க வந்தவர் ஒருவரும் இல்லை.

அந்த மூன்று பேரும் எப்படி வந்தார்கள் என்பதுதான் சுவையான கதை. மூவருமே தேடல் பெட்டியில் ஒரு சொல்லைத் தட்டி வந்தவர்கள். தொடக்கத்தில் என் பெயருக்குக் கீழே 'கடின உழைப்பும் அர்ப்பணிப்பும் மிக்கவர்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. எந்த முதலாளி கடின உழைப்பு என்று தட்டித் தேடுவார்? கட்டடத்தை அளப்பதற்கு நாட்டுக்கு நாடு விதி வேறு. இங்கே எஸ்.எல்.எஸ். 573. வளைகுடாவில் பெரும்பாலும் பி.ஓ.எம்.ஐ. இங்கிலாந்தில் நெடுங்காலம் எஸ்.எம்.எம். 7 இருந்து, 2013இல் என்.ஆர்.எம். 2 அதன் இடத்துக்கு வந்தது. அளப்பதற்கு ஆள் தேடுபவர் தட்டுவது இந்தச் சொற்களைத்தான். அர்ப்பணிப்பை அழித்துவிட்டு, இந்த விதிகள் தெரியும், இன்ன மென்பொருளில் வேலை செய்வேன், இத்தனை நாளில் தருவேன் என்று எழுதினேன். நான்காவது மாதம் இங்கிலாந்தின் சிறிய கொம்பனி ஒன்று எழுதியது. ஒரு வரி மாற்றம், செலவில்லை. தம்பி, பிரீமியத்துக்குக் கட்ட நினைத்த காசை வைத்துக்கொண்டு முதலில் இதைச் செய்.

மீதி 16 பெயர்கள் எங்கிருந்து வந்தன? 11 பேர் முன்பு எங்கோ என்னோடு வேலை செய்தவர்கள், அல்லது அப்படிப்பட்டவர்கள் கைகாட்டி விட்டவர்கள். நெருங்கிய நண்பர்கள் அல்லர். டோகாவில் பக்கத்துப் பிரிவில் இருந்தவர், கொழும்பில் ஒரே ஒரு திட்டத்தில் எட்டு மாதம் கூட இருந்தவர், இப்படி. மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இலேயே இதைச் சொல்லிவிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை மாறியவர்களிடம் அவர் கேட்டபோது, உதவியவர்களில் பெரும்பாலானோர் எப்போதாவது மட்டும் சந்திப்பவர்களாக இருந்தார்கள். காரணம் எளிது. நெருங்கியவர்களுக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரியும். எங்கள் ஒழுங்கையில் எனக்குத் தெரியாத செய்தி ஒன்று வேறு எவருக்காவது தெரியுமா? 2022இல் லிங்க்ட்இன்னையே வைத்து, ஏறத்தாழ 2 கோடிப் பயனாளர்களிடம் ஐந்து வருடம் நடந்த சோதனைகளின் முடிவை ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதிலும் ஓரளவு தளர்ந்த அறிமுகங்களே வேலை மாற அதிகம் உதவியிருந்தன. அது சம்பள வேலை பற்றியது என்பது உண்மை. ஆனாலும் என் கொப்பி அதோடு சண்டை பிடிக்கவில்லை.

அந்தத் தளர்ந்த அறிமுகத்தை எங்கே புதுப்பிக்கிறோம்? எனக்கு நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில். திருவிழா 25 நாளும் ரொறன்ரோவும் லண்டனும் சூரிச்சும் அங்கே வேட்டி கட்டிக்கொண்டு நிற்கும். ஐஸ்கிரீம் கடை வரிசையில் டோகாவில் கூட இருந்த ஒருவரைக் கண்டேன். ஆறு வருடம் பேசியதில்லை. "இப்போது என்ன செய்கிறாய்?" என்று கேட்டார், சொன்னேன். அடுத்த மாதம் பர்மிங்காமில் அவருடைய கொம்பனியிலிருந்து முதல் வரைபடம் வந்தது.

உறவினர்கள் மூன்று பேர். அதைப் பற்றி அதிகம் எழுதினால் வீட்டில் சோறு கிடைக்காது. மானிப்பாயில் வீடு கட்டும் கனடாச் சித்தப்பா ஒருவர், முழு மதிப்பீட்டையும் வாங்கிக்கொண்டு ஒரு பை சொக்லேட்டும் வாசனைத் திரவியமும் தந்தார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கொப்பியில் அவர் பெயருக்கு நேரே 'எவ்வளவு' என்ற இடம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. இணையத்தில் வேலைக்கு விலை கூறி ஏலம் கேட்கும் தளங்களில் வந்தவர்கள் இரண்டு பேர். அங்கே கேட்பதற்கே காசு, கிடைத்த கூலியிலும் கழிவு, பிலிப்பைன்ஸிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் கேட்பவர்களோடு விலையிறக்கப் போட்டி. விட்டுவிட்டேன்.

பிறகு ஏன் மூடாதே என்றேன்? அந்த 11 பேரில் ஆறு பேராவது எனக்கு மின்னஞ்சல் எழுதுவதற்கு முதல் நாள் என் பக்கத்தைப் பார்த்திருக்கிறார்கள். யார் பார்த்தார் என்று அது காட்டும். பர்மிங்காம் நண்பர் என் பெயரைச் சொன்னவுடனே அவருடைய மேலாளர் செய்த முதல் வேலை அதுதான். புதிய வீட்டுக்குப் போகிறவர் படலையில் நின்று ஒருமுறை எட்டிப் பார்ப்பார். முற்றம் கூட்டியிருக்கிறதா, ஆள் இருக்கிற வீடா என்று. அந்த எட்டிப்பார்வைக்கு மட்டும் அந்தப் பக்கம் போதும். முற்றத்தை வாரத்துக்கு ஒருமுறை கூட்டினால் சரி, படலையிலேயே நாள் முழுக்க நின்று போவோர் வருவோரைக் கூப்பிட வேண்டியதில்லை.

வேறு இரண்டு இடங்களிலும் அது உதவியது. டொலர் எங்கிருந்து வருகிறது, வேலை செய்யுமிடத்தின் கடிதம் எங்கே என்று ஒரு வங்கியில் கேட்டார்கள். வேலையிடம் என் முன்னறைதான் என்பதை விளங்கப்படுத்தி முடியாமல் தொலைபேசியில் அந்தப் பக்கத்தைக் காட்டினேன், அதிகாரியின் முகம் தெளிந்தது. மற்றது, எனக்குக் கலியாணம் பேசியபோது பெண் வீட்டார் லண்டனில் உள்ள உறவினர் ஒருவரைக் கொண்டு அதைப் பார்ப்பித்தார்கள். மனைவி இதை இப்போதும் சொல்லிச் சிரிப்பாள்.

ஒன்றை மட்டும் தம்பிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மாதிரிக்கு ஒன்று செய்து காட்டு என்று கேட்பார்கள். எனக்கும் அப்படி ஒரு வெளிநாட்டுக் கொம்பனி எழுதியது. பக்கம் பளபளவென்று இருந்தது, ஆயிரக்கணக்கில் தொடர்புகள். நான்கு மாடிக் கட்டடம் ஒன்றை முழுவதும் அளந்து அனுப்பினேன். அனுப்பிய அன்றே பேச்சு நின்றது. ஒன்பது நாள் வேலை. அந்தப் பெயரும் கொப்பியில் இருக்கிறது, சிவப்பு மையில். எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. இப்போது மாதிரி கேட்டால் பழைய வேலை ஒன்றில் பெயர்களை மறைத்து இரண்டு பக்கம் அனுப்புவேன், அதற்கு மேல் முற்பணம்.

இது அளவையாளன் ஒருவனின் கணக்கு. படம் வரைபவர்கள், மொழிபெயர்ப்பவர்கள், மென்பொருள் எழுதுபவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். உங்கள் கடைசி நிரலையும் ஒருமுறை எண்ணிவிட்டுக் கீழே எழுதுங்கள். தம்பியும் வாசிப்பான்.