எந்த எலும்பில் ஏழு சென்டிமீட்டர்?

என் உயரம் 163 சென்டிமீட்டர். கால் எலும்பை வெட்டி நீட்டும் அறுவைச் சிகிச்சையைச் செய்துகொள்ளலாமா என்று இரண்டு வருடம் யோசித்தேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. பெண் பார்க்கப் போன இடத்தில் "பையன் குள்ளம்" என்ற பேச்சு மூன்றாவது முறையாகக் காதில் விழுந்த இரவில் தொடங்கிய யோசனை அது. இதற்கெல்லாமா அறுவைச் சிகிச்சை என்று கேட்பவர்கள் அந்த இரவைக் கடந்து பார்க்க வேண்டும்.

சிகிச்சையைக் குறை சொல்ல வரவில்லை. சோவியத் நாட்டின் குர்கன் நகரில் 1950களில் இலிசரோவ் என்ற மருத்துவர் வளர்த்தெடுத்த முறை. எலும்பை வெட்டிச் சில நாள் விட்டுவிட்டு, பிறகு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர், அதையும் கால் கால் மில்லிமீட்டராக நான்கு தடவை விலக்குவார்கள். அந்த இடைவெளியில் உடம்பே புது எலும்பை வளர்த்துக்கொள்கிறது. விபத்தில் கால் நொறுங்கிய ஒலிம்பிக் சாம்பியன் வலேரி புருமெல் இலிசரோவிடம் போன பிறகுதான் மீண்டும் இரண்டு மீட்டர் உயரத்துக்கு மேல் தாண்டினார். ஒரு கால் குட்டையாகப் பிறந்த குழந்தைக்கு இது வரம்.

நான் போன மருத்துவமனையில் எத்தனை சென்டிமீட்டர், எத்தனை லட்சம் என்பதுதான் பேச்சு. தொடையிலா, முட்டிக்குக் கீழேயா என்று கேட்டேன். "அது உங்கள் விருப்பம்" என்றார்கள். அந்தப் பதில்தான் என்னைத் தூங்க விடவில்லை.

அப்பா தையல்காரர். பேண்ட் வேண்டும் என்று சொல்லி அளக்கச் சொன்னேன். இடுப்பு மூட்டிலிருந்து முட்டி வரை 43, முட்டியிலிருந்து கணுக்கால் வரை 35. தொடையில் ஏழு கூட்டினால் 50க்கு 35. நாற்காலியில் உட்கார்ந்தால் முட்டி எங்கேயோ முன்னால் போய் நிற்கும். கீழே ஆறு கூட்டினால் 43க்கு 41, முட்டி மேலேறிவிடும். இரண்டு வழியிலும் கையும் முதுகும் வளரப் போவதில்லை. நிமிர்ந்து நின்றால் விரல் நுனி தரையிலிருந்து இப்போதைவிட உயரத்திலேயே நின்றுவிடும். இரண்டு எலும்பையும் பகிர்ந்து நீட்டலாம்தான். ஆனால் வெட்டும் வலியும் இரண்டு மடங்கு.

அதிலும் எலும்புதான் சொன்னபடி வளர்கிறது. தசையும் நரம்பும் இழுபட்டுப் பின்னால் வருகின்றன. கீழ்க்காலை நீட்டுகிறவர்களுக்குக் குதிகாலுக்குப் பின்னால் உள்ள தசைநாண் இறுகி, குதிகால் தரையில் படாமல் போகும் ஆபத்து உண்டு. ஏழு சென்டிமீட்டர் விலக்க எழுபது நாள். அந்தப் புது எலும்பு கெட்டிப்பட அதற்கு மேல் பல மாதம். உயரத்துக்காக மட்டும் இதைச் செய்வதைச் சீன அரசு 2006இல் தடை செய்தது.

நான் செய்துகொள்ளப் போவதில்லை. செய்தே தீருவேன் என்பவரைத் தடுக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் தொடை, கீழ்க்கால், கை, உட்கார்ந்த உயரம் நான்கையும் அளந்து, நீட்டிய பிறகு முழு உடம்பும் எப்படி இருக்கும் என்று வரைந்து காட்டச் சொல்லுங்கள். காட்டாத இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள்.

பேண்ட் தயாராகிவிட்டது. முட்டி அளவை எதற்கு இரண்டு தடவை பார்க்கச் சொன்னாய் என்று அப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார். இன்றிரவு இந்தப் பதிவை அவருக்குப் படித்துக் காட்டப் போகிறேன்.