சிக்குமுடிக்காரரும் பதினோரு பாட்டிலும்

(கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு சந்து. வண்டி நிறைய பிளாஸ்டிக் சாமான் தொங்க, "சிக்குமுடிக்கு சாமானேய்!" என்று ஸ்பீக்கர் கத்த, ராஜாமணி வருகிறார். தலையில் ஒரு முடி கிடையாது. பாக்கியம் கையில் கவரோடு வாசலில் நிற்கிறாள். பின்னல் இடுப்பைத் தொடுகிறது.)

பாக்கியம்: அண்ணா, நிறுத்துங்க. ரொம்ப நாளா சேத்து வெச்சது. நல்ல கனம் இருக்கும், பாத்து எடை போடுங்க.

ராஜாமணி: (தராசை எடுக்காமல், ஒரு கொத்தை வெயிலில் பிடித்துப் பார்த்து) இது கொட்டின முடி இல்லம்மா. உடைஞ்ச முடி.

பாக்கியம்: கொட்டினா என்ன, உடைஞ்சா என்ன? என் தலையில இருந்துதான வந்துச்சு?

ராஜாமணி: தானா கொட்டினா ஒரு முனையில வெள்ளையா குட்டிக் குமிழ் இருக்கும், நீளமும் முழுசா இருக்கும். அது தினம் அம்பதுல இருந்து நூறு வரைக்கும் யாருக்கும் கொட்டும். அதான் என் பொழப்பு. இதுல பாதிக்குக் குமிழே இல்ல, நாலு அங்குலம் கூட இல்ல. நடுவுல முறிஞ்சது. இதை வெச்சு எவன் சவுரி கட்டறது?

பாக்கியம்: எப்படிண்ணா முறியும்? பதினோரு ஐட்டம் போடறேன்!

ராஜாமணி: பதினொண்ணா? கொண்டா பாக்கலாம்.

(பாக்கியம் உள்ளே போய் ஒரு பக்கெட்டோடு வருகிறாள்.)

ராஜாமணி: கடை வெக்கறியாம்மா?

பாக்கியம்: நக்கல் வேணாம். இது வெங்காய எண்ணெய், இது வெங்காய ஷாம்பு...

ராஜாமணி: தக்காளி இருந்தா குருமாவே வெச்சிடலாம்.

பாக்கியம்: கேளுங்க! இது கண்டிஷனர், இது மாஸ்க், இது கழுவாம விடற கிரீம், இது சீரம், இது கெரட்டின்னு முடிப் புரத ஸ்பிரே, இது ஜெல்லு...

ராஜாமணி: கிரீமுக்கு மேல எதுக்கு சீரம்?

பாக்கியம்: கிரீம் போட்டா பிசுபிசுன்னு இருக்குது. சீரம் போட்டா பளபளங்குது.

ராஜாமணி: அந்தப் பிசுபிசுப்புல புழுதி ஒட்டுமே?

பாக்கியம்: அதுக்குத்தான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஷாம்பு.

ராஜாமணி: அதுல முடி வறண்டுடுமே?

பாக்கியம்: அதுக்குத்தான் மாஸ்க்கு.

ராஜாமணி: மாஸ்க் போட்டா கனமா தொங்குமே?

பாக்கியம்: அதுக்குத்தான் ஜெல்லு... (நிறுத்தி) அண்ணா, நீங்க என்னமோ கோர்ட்டுல கேக்கற மாதிரி கேக்கறீங்க.

ராஜாமணி: ஒண்ணு பண்ற கேட்டை இன்னொண்ணு சரி பண்ணுது. நடுவுல தேய்க்கறது, அலசறது, ஈரத்துல சீவறது, அதுலதான் முறியுது. கே.ஆர்.பி. அணையில மீன் வாங்கியிருக்கியா? தலையில இருந்து வாலுக்குத் தடவினா வழுக்கும். திருப்பித் தடவினா கையைப் பிடிக்கும். முடிமேலயும் அப்படித்தான் செதில், வேர்ல இருந்து நுனிப் பக்கமா.

பாக்கியம்: என் தலையை மீனுங்கறீங்க.

ராஜாமணி: உன் நுனியில செதிலே போயிடுச்சு, மீனுன்னு கூட சொல்ல முடியாது. உன் பையனுக்கு என்ன வயசு?

பாக்கியம்: அஞ்சு முடிஞ்சிடுச்சு. யு.கே.ஜி. ஏன்?

ராஜாமணி: முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர், கொஞ்சம் கூட இருந்தா ஒண்ணே கால். அப்படின்னா உன் இடுப்புகிட்ட இருக்கற நுனிக்கும் அவன் வயசுதான். அவனைத் தினம் சோப்புப் போட்டு, துண்டால அடிச்சு, சூடு காட்டினா என்ன ஆவான்?

பாக்கியம்: கெரட்டின் போட்டா ரிப்பேர் ஆயிடும்னு போட்டிருக்குதே?

ராஜாமணி: வெளிய வந்த முடிக்கு உயிரே இல்லம்மா, எதைப் போட்டாலும் தானா ஆறாது. பிளந்த நுனியை அப்போதைக்கு ஒட்ட வெக்கலாம், அடுத்த குளியல்ல பிரிஞ்சுக்கும். மூணு மாசத்துக்கு ஒருக்கா ஒரு சென்டிமீட்டர் வெட்டு. அதான் ரிப்பேர்.

பாக்கியம்: பளபளப்பு கண்ணுல தெரியுதேண்ணா!

ராஜாமணி: அது சிலிகான். அட்டையில டைமெத்திகோன்னு இருக்கும். நீ குடுக்கற சிக்குமுடியில எது வேர், எது நுனின்னு கலைஞ்சு போயிருக்கும். செதிலுக்குச் செதில் மாட்டிக்கும். அதனால சவுரி கட்டறவங்க அதை ஆசிட்டுல முக்கி செதிலை எடுத்துட்டு, மேல சிலிகான் பூசி மினுக்குவாங்க. கொஞ்ச நாள் கழுவினா மினுக்கு போயி சிக்கு விழுந்துடும். திருப்பதி, பழனியில எடுக்கற மொட்டை முடிக்கு ஏன் விலை கூட? ஒரே திசையில இருக்கும், செதிலும் கெடாம இருக்கும்.

பாக்கியம்: அப்ப சிலிகான் விஷமா?

ராஜாமணி: விஷம் எங்க சொன்னேன்? நீளமான முடிக்கு ரெண்டு சொட்டு நல்லதுதான், உராய்வு குறையும். எண்ணெய், கிரீம், சீரம்னு அடுக்கடுக்கா ஏத்தறதுதான் தப்பு. அதைக் கழற்ற காட்டமான ஷாம்புதான் வேணும்.

பாக்கியம்: (தீர்மானமாக) சரி. நாளையில இருந்து ஒண்ணும் கிடையாது. வெறும் தண்ணி!

ராஜாமணி: அடுத்த கூத்தா? என்ன தண்ணி?

பாக்கியம்: போர் தண்ணி. ஃபுளோரைடு வேற. அதாலதான் முடி போவுதுன்னு எதிர்வீட்டு அக்கா சொல்லுது.

ராஜாமணி: ஃபுளோரைடு பிடிக்கறது பல்லையும் எலும்பையும். அதுக்குத்தான் ஒகேனக்கல் தண்ணியே கொண்டாந்தாங்க. முடியைச் சொரசொரன்னு ஆக்கறது உப்புத் தண்ணியில இருக்கற கால்சியமும் மெக்னீசியமும். அந்தத் தண்ணியில கட்டி சோப்பு போட்டா நுரை வராது, வெள்ளையா ஒரு பசை முடியில உக்காரும். போர்ல அலசிட்டு, கடைசி ரெண்டு செம்பு மட்டும் ஒகேனக்கல் தண்ணி ஊத்து.

பாக்கியம்: சமையல் சோடா போட்டா சுத்தமா போயிடும்னு...

ராஜாமணி: போவும், செதிலும் சேர்ந்து. அது காரம். தலைத்தோல் லேசான புளிப்புல இருக்கற சமாச்சாரம்.

பாக்கியம்: முட்டை?

ராஜாமணி: சுடுதண்ணியில கழுவிப் பாரு. பொரியலாவே வரும்.

பாக்கியம்: எங்க மாமியார் அரப்பு இலைப் பொடிதான் தேய்ப்பாங்க. அவங்களுக்கு இன்னும் கொண்டை இருக்குது.

ராஜாமணி: அரப்பு நல்லதுதான், துணியில சலிச்சுப் போடணும். இல்லைன்னா கப்பி முடியில நின்னு சீவறப்ப அறுக்கும். ஆனா நீ சீரத்தைப் பூசிக்கினு அரப்புல தேச்சா சரியா கழறாது. ரெண்டுல ஒண்ணு வெச்சுக்க.

பாக்கியம்: (சலித்து) எதைத்தான் வெக்கறது, சொல்லுங்க!

ராஜாமணி: மூணு. தேங்காய் எண்ணெய், ஷாம்பு, கண்டிஷனர். குளிக்கறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி ரெண்டு ஸ்பூன் எண்ணெயை நீளத்துல தடவு. அது முடிக்குள்ளயே போவும், கழுவறப்ப புரதம் கரையறது குறையும். பொடுகு இருந்தா தோல்ல ஊத்தாத, பொடுகுக் கிருமிக்கு அது சாப்பாடு. அப்புறம் ரெண்டு டீஸ்பூன் ஷாம்புவை அரை மக்கு தண்ணியில கலக்கி வேர்ல மட்டும் ஊத்தித் தேய். வழியற நுரையே நீளத்துக்குப் போதும். உச்சியில குவிச்சுக் கசக்கினியோ, எனக்கு யாவாரம்.

பாக்கியம்: கண்டிஷனரையும் நிறுத்தினா மிச்சமாச்சே?

ராஜாமணி: எல்லாத்தையும் தூக்கிப் போட்டாலும் கடைசியாத் தூக்க வேண்டியது அதுதான். குட்டை முடிக்கு இல்லாம ஓடும், இடுப்பு முடிக்கு ஓடாது. காதுக்குக் கீழ ரெண்டு டேபிள் ஸ்பூன், ரெண்டு நிமிஷம் ஊறட்டும். அப்பவே அகலப் பல் சீப்பால நுனியில இருந்து மேல ஏறு. அப்புறம் துண்டை முறுக்கி முடியை அடிக்காத. ஈரத்துல முடி ரப்பரா இழுபடும், அப்ப அடிச்சா அறுந்துடும்.

பாக்கியம்: எங்க வீட்டுல மூணு தலைமுறையா அடிக்கறாங்க.

ராஜாமணி: அதனாலதான் எங்க அப்பா காலத்துல இருந்து இந்தத் தெருவுக்கு வர்றோம்.

பாக்கியம்: இப்படிக் குறைச்சா முடி நீளுமா?

ராஜாமணி: வேகமா எல்லாம் வளராது. அதே ஒரு சென்டிமீட்டர்தான். முறியறது நிக்கும், அவ்ளோதான்.

பாக்கியம்: (சந்தேகமாக) அண்ணா, முறியலைன்னா உங்களுக்கு நஷ்டம். எதுக்கு சொல்றீங்க? உங்க தலையில வேற ஒண்ணும் இல்ல.

ராஜாமணி: இருந்தா உன்கிட்ட எதுக்கு வாங்கப்போறேன்? எனக்கு வேண்டியது நீளமா, குமிழோட கொட்டினது. நாலு அங்குலத் துண்டை வெச்சு நான் என்ன பண்றது? (தராசில் போட்டு) இதுக்கு ஒரு டீ வடிகட்டி.

பாக்கியம்: வடிகட்டியா! நான் பக்கெட்டுன்னு நெனச்சேன்!

ராஜாமணி: ஷாம்பு டப்பா எல்லாம் காலியானா குடு, பழைய பிளாஸ்டிக்கும் எடுக்கறேன். உன் முடியை விட அது கனமா இருக்குது.

பாக்கியம்: மூடி இல்லாத டப்பா?

ராஜாமணி: எடுப்பேன். ஆனா வெங்காய வாசனை போற வரைக்கும் கழுவிக் குடு.