நீல வெளிச்சம் மட்டும் நல்லாத்தான் எரியுது

வரிக்குப் பதினாறு எழுத்து, மொத்தம் இரண்டு வரி. அவ்வளவுதான், ஆர்டுயினோ என்கிற, புரோகிராம் எழுதி ஓட்டுகிற சின்னக் கணினிப் பலகையில் மாட்டுகிற அந்தத் திரை. அதில் ஒரு சொல்லைக் காட்ட நேற்று இரவு ஒன்பது மணிக்குக் குந்தியவன் ஒன்றரைக்குத்தான் எழும்பினேன். கச்சான் காற்றில் அறை அடுப்பாகக் கிடக்க, ஃபேனைப் போட்டால் மேசையில் கிடக்கும் சின்னச் சாமானெல்லாம் பறக்கும். ஆர்டுயினோவைத் தொட்டவர்கள் எல்லாருக்கும் இந்த இரவு ஒருநாளாவது வாய்த்திருக்கும். அதனால் நேராக விசயத்துக்கு வருகிறேன்.

அம்மா மோட்டரைப் போட்டுவிட்டு மறந்துபோவார், தண்ணீர்த் தாங்கி வழியும். சரி, ஆர்டுயினோவில் மட்டம் காட்டுகிற ஒன்றைச் செய்து குசினிச் சுவரில் மாட்டுவோம் என்று நினைத்தேன். தூரம் அளக்கிற அல்ட்ராசொனிக் சென்சர் முதல் தடவையிலேயே வேலை செய்தது. பாவம், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வில்லன் திரைதான். கொழும்பிலிருந்து கூரியரில் வந்தது, முதுகில் ஐ2சி பலகை (இரண்டே வயரில் தகவல் வாங்குகிற சின்னப் பலகை) ஒட்டியது. நாலு வயர் போதும், ஐந்து நிமிச வேலை என்று வீடியோவில் ஒரு பொடியன் சிரித்துச் சிரித்துச் சொன்னான்.

வயரைக் குத்தினேன். அழகான நீல வெளிச்சம், எங்கள் திருகோணமலையில் உவர்மலையிலிருந்து பார்த்தால் தெரிகிற கடல் மாதிரி. அதில் ஒரு எழுத்து? ஒரு புள்ளி? ஒன்றுமில்லை.

முதலில் லைப்ரரி, அதாவது திரையை ஓட்ட மற்றவர்கள் எழுதி வைத்த புரோகிராம். ஒரே பெயரில் ஒன்றுக்கு மேல் இருக்கிறது. ஒன்றுக்கு 'இனிட்' என்று சொல்ல வேண்டும், மற்றதுக்கு 'பிகின்' என்று சொல்ல வேண்டும். மாறிச் சொன்னால் சிவப்பு எழுத்தில் ஏச்சு. ஒரே பெயரில் ஊரில் இரண்டு பேர் இருந்தால் 'கறுவல்', 'நெட்டையன்' என்று பட்டமாவது வைப்போம். இவர்களுக்கு அந்த யோசனையும் வரவில்லை.

பிறகு முகவரி, அதாவது ஆர்டுயினோ அந்தத் திரையைக் கூப்பிடுகிற எண். வீடியோப் பொடியன் 'ஹெக்ஸ் 27' (பதினாறை அடியாக வைத்து எழுதுகிற எண்) என்றான். என்னுடையது அதற்கு அசையவில்லை. முகவரி தேடுகிற ஸ்கேனர் புரோகிராமை ஓடவிட்டால் 'ஹெக்ஸ் 3எஃப்' என்கிறது. ஏன்? பலகையில் உள்ள சிப் பிசிஎஃப்8574 என்றால் 27, பிசிஎஃப்8574ஏ என்றால் 3எஃப். கடைசியில் ஒரு 'ஏ', அவ்வளவுதான் வித்தியாசம். அந்த 'ஏ'யை, அம்மா ஊசி கோக்கிற கண்ணாடியைப் போட்டு, போன் டோர்ச்சைச் சரித்துப் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசித்தேன். விற்றவருக்கு வாட்ஸ்அப் போட்டால் "டெஸ்ட் பண்ணித்தான் அனுப்பினது" என்று ஒரே வரி, கூடவே கட்டைவிரல். எந்த முகவரியில் டெஸ்ட் பண்ணினீர் ஐயா? அதைப் பெட்டியில் பேனாவால் எழுதிவிட்டால் கை தேய்ந்துவிடுமா?

பத்தேகாலுக்கு 3எஃப் என்று மாற்றினேன். நீல வெளிச்சம். ஒன்றுமில்லை.

இதுதான் எனக்கு ஏறுகிற இடம். முதல் வரியில் பதினாறு வெள்ளைக் கட்டி நின்றாலாவது, பவர் வருகிறது, நான் சொன்னது போய்ச் சேரவில்லை என்று தெரியும். எனக்கு அந்த வெள்ளைக் கட்டிகூடக் கிடைக்கவில்லை. முகவரி பிழையா, நீலம். வயர் பிழையா, நீலம். எல்லாம் சரியா, அப்போதும் நீலம்! ஒரு விசயத்தை எழுதிக் காட்டுவதற்கென்றே செய்த சாமான், தனக்கு என்ன நோவு என்று மட்டும் வாயைத் திறக்காது. கைக்குழந்தைகூட அழுது காட்டும்.

வயரைக் கழற்றினேன், மாட்டினேன். தகவல் போகிற ஏ4, ஏ5 இரண்டையும் மாற்றிக் குத்தினேன், திரும்ப மாற்றினேன். உப்புக் காற்றில் பச்சை பூத்த பின்களை அரத்தாளால் உரசினேன். ஒரு கட்டத்தில் திரையைக் கையில் எடுத்து ஊதிப் பார்த்தேன். ஏன் ஊதினேன் என்று கேட்காதீர்கள்.

பதினொரு மணிக்கு மீற்றர் இரவல் வாங்கப் பின்னொழுங்கையில் மாமா வீட்டுக்கு ஓடினேன். அந்தக் காலத்தில் ரேடியோ திருத்தினவர், நித்திரை வராத மனுசன். கதையைக் கேட்டுவிட்டு, "பின்னால நீலக் கட்டியில ஒரு ஸ்குரூ இருக்குமே, திருப்பிப் பார்த்தியோ?" என்றார். மீற்றரைத் தரவில்லை. மணிக்கூடு திருத்துகிற மெல்லிய ஸ்குரூ டிரைவர் ஒன்றைக் கையில் வைத்தார்.

திருப்பினேன். கால் சுற்று. எழுத்து வந்தது.

அதாவது, பத்தேகாலிலிருந்து அது எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கிறது! கொன்ட்ராஸ்ட் அடிமட்டத்தில் கிடந்ததால் எழுத்து கண்ணுக்குப் படவில்லை. பின் வெளிச்சம் தனி, எழுத்தின் அழுத்தம் தனி. அந்த அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பது நெல்மணி அளவு திருகு. அதை ஒரு கரைக்குத் திருகி, பொலித்தீனில் சுற்றி அனுப்பிவிட்டு, 'ஸ்குரூவைத் திருப்பவும்' என்று ஒரு துண்டுக் கடதாசி வைக்க மனம் வராத அந்தப் பாக்கிங் மேசைக்காரர் எங்கிருந்தாலும் அவர் வீட்டு ரிமோட்டில் பற்றரி இறங்கட்டும்.

இத்தோடு படுத்திருக்கலாம். அம்மாவுக்குத்தானே, தமிழில் காட்டுவோம் என்று ஆசை வந்தது. 'தண்ணீர்' என்று போட்டேன். திரையில் ஆறு கிரேக்க அல்பாவும் இடையிடையே ஜப்பான் எழுத்தும் வந்து நின்றன. திரையை ஓட்டுகிற சிப் எண்பதுகளின் ஹிட்டாச்சி வடிவமைப்பு, எச்டி44780. வயிற்றுக்குள் கட்டகானா எழுத்தோடு பிறந்தது, தமிழ் தெரியாது. 'தண்ணீர்' நமக்கு நாலு எழுத்து, யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் 21 பைட். அது ஒவ்வொரு பைட்டையும் ஓர் எழுத்தாக எண்ணிக்கொள்ளும். பதினாறு இடத்துக்கு மேல் போனது திரைக்கு வெளியே விழும், ஏழாவது அல்பா உட்பட. நாமே எழுத்தைக் கீறிக் கொடுக்கலாமாம்: மொத்தம் எட்டு, ஒவ்வொன்றும் ஐந்துக்கு எட்டுப் புள்ளி. மூன்று சுழி 'ண'வை ஐந்து புள்ளி அகலத்தில் யாராவது கீறிக் காட்டுங்கள், நான் மொட்டை போடுகிறேன். ஒரு மணித்தியாலம் முயன்று வந்தது நசுங்கிய நண்டு.

காலையில் இங்கிலீஸ் எழுத்தில் 'தண்ணி 74%' என்று மாட்டிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். பார்த்தார். முற்றத்துக்குப் போனார். தாங்கியில் விரல் மொழியால் மேலிருந்து கீழாக மூன்று தட்டுத் தட்டினார்.

"முக்கால் கிடக்கு. உது சரியாத்தான் சொல்லுது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. இரவு மாமா வீட்டுக்கு ஓடும்போது நான் கேற்றைப் பூட்டவில்லையாம். மான் இரண்டு உள்ளே வந்து அவருடைய செவ்வரத்தையைக் குச்சியும் மிச்சமில்லாமல் தின்றுவிட்டுப் போயிருக்கின்றன. ஊரெல்லாம் வெள்ளைக்காரர் நின்று அந்த மானைப் படம் எடுக்கிறார்கள். வீட்டில் ஒரு செடி வளர்த்துப் பார்க்கட்டும்.